சிறிய பெட்ரோல் என்ஜினை நிறுத்துவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகத் தொழில் பழகுவோர் சிறிய என்ஜின்களில் கை வைப்பதைப் பார்க்கும்போது, நாங்கள் பழகிய காலத்துப் பிழைகளே ஆள் மாறித் தொடர்வது தெரிகிறது. ஆயில் அளவைப் பார்க்காமல் ஓட்டுவது, பெட்ரோல் குழாயைத் திறந்தபடி விடுவது போன்றவற்றை அனுபவமே விரைவில் திருத்திவிடும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

கில் ஒயரில் 12 வோல்ட் கொடுப்பது

பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயில் மேக்னட்டோ வகையானால் அதற்குப் பேட்டரி தேவையில்லை. என்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான பிளைவீலில் பதித்த காந்தம் காயிலின் இரும்புக் கருவைக் கடக்கும்போது முதன்மைச் சுற்றில் மின்னோட்டம் பிறக்கிறது. காயிலுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் அதை உரிய கணத்தில் துண்டிக்க, ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட இரண்டாம் கம்பியில் 10,000 வோல்ட்டுக்கும் மேல் எழுந்து பிளக்கில் பொறியாகிறது. என்ஜினை நிறுத்த வேண்டுமானால், முதன்மைச் சுற்றை, கில் ஒயர் எனப்படும் நிறுத்தும் ஒயர் வழியாக, என்ஜின் உடலோடு இணைத்து எர்த் செய்ய வேண்டும். அதாவது, இணைத்தால் நிற்கும், துண்டித்தால் ஓடும்.

கார் ஒயரிங்கில் பழகிய கைக்கு இது தலைகீழாகப் படுகிறது. சாவியைத் திருப்பினால் காயிலுக்கு மின்சாரம் போக வேண்டும் என்று எண்ணி, கார் வகைச் சாவி சுவிட்சைப் பொருத்தி, கில் ஒயருக்குப் பேட்டரியின் 12 வோல்ட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். டிரான்சிஸ்டர் எரிந்துபோகிறது. அது காயிலோடு சேர்த்து ரெசினில் வார்க்கப்பட்டிருப்பதால் பிரித்துப் பழுதுபார்க்க வழியில்லை. முழுக் காயிலையும் மாற்ற வேண்டியதுதான்.

காயில் எரிவதைவிட எனக்கு எரிச்சலூட்டுவது அதற்குப் பின் நடப்பது. ஒரு பழகுநர் எரிந்த காயிலை மாற்றிவிட்டு அதே சாவியை மீண்டும் திருப்பினார், இரண்டாவதும் போனது. உதிரிபாகம் போலி என்று உறுதியாக நம்பி, மூன்றாவது காயிலோடு என்னிடம் வந்தார். மல்டிமீட்டரை வைத்ததும், சாவி ஓடும் நிலையில் இருக்கையில் கில் ஒயரில் 12 வோல்ட் காட்டியது. ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையை முதல் காயில் எரிந்தபோதே யாரும் செய்திருக்கவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோலை அடைக்கும் மின் வால்வான சோலனாய்டுக்கு உண்மையிலேயே 12 வோல்ட் தேவை என்பதும், அந்த ஒயரும் கில் ஒயரும் ஒரே கட்டில் வருவதும் குழப்பத்துக்குக் காரணமாகலாம். ஆயினும் அளந்து பார்க்காமலிருக்க அது சாக்காகாது.

காயிலில் இணைக்கும் முன் கில் ஒயரைத் தனியே விட்டு, அதற்கும் என்ஜின் உடலுக்கும் இடையே அளக்க வேண்டும். சாவியின் எல்லா நிலைகளிலும் வோல்ட் பூஜ்யமாக இருக்க வேண்டும். அதன் பின் மல்டிமீட்டரில் மின் தொடர்ச்சியைச் சோதித்தால், நிறுத்தும் நிலையில் மட்டும் உடலோடு இணைப்புக் காட்ட வேண்டும்.

பொறி இல்லையென்றதும் காயிலைக் குறை சொல்வது

முதலில் கில் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். அது எங்காவது உரசித் தோல் போய், உடலைத் தொட்டு எர்த் ஆகியிருக்கலாம்.

ஓடும்போது பிளக் கேப்பைப் பிடுங்குவது

பிளக்குக்குச் செல்ல முடியாத உயர் மின்னழுத்தம் வேறு வழி தேடும். அது உங்கள் கையாக இருக்கலாம், காயிலின் உள் காப்பாக இருக்கலாம். அருகில் பெட்ரோல் ஆவி இருந்தால் வெளியே தெறிக்கும் பொறியே தீ மூட்டப் போதும்.

சோக்கை (கார்புரேட்டரில் காற்றை அடைக்கும் மூடி) இழுத்து நிறுத்துவது

கில் ஒயர் அறுந்த அவசரத்துக்கு மட்டும்.

முழு வேகத்தில் அணைப்பது

பொறி நின்ற பின்னும் என்ஜின் சில சுற்றுகள் சுழன்று, எரியாத பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சூடான சைலன்சருக்குள் தள்ளுகிறது. அது அங்கே வெடிக்கும். வேகத்தைக் குறைத்துச் சிறிது நேரம் ஓடவிட்டே அணைக்க வேண்டும்.

சுவிட்சை நம்பிப் பிளேடைத் தொடுவது

கில் ஒயர் அறுந்திருந்தால், சாவி எந்த நிலையில் இருந்தாலும் காயில் பொறி தரத் தயாராகவே இருக்கும். புல்வெட்டி போன்றவற்றின் பிளேடைக் கையால் திருப்பும்போது அதனோடு பிளைவீலும் திரும்புவதால், சிலிண்டரில் தங்கிய கலவை பற்றிக்கொள்ள வாய்ப்புண்டு. என்ஜின் முற்றிலும் நின்றதும் பிளக் கேப்பைக் கழற்றி, பிளக்கை எட்டாதபடி ஒதுக்கிக் கட்டிய பிறகே பிளேடின் அருகே கை போக வேண்டும்.