ஈகிளில் முதலில் கூரையைப் பாருங்கள்

கேம்பிரிட்ஜ் பெனெட் தெருவில் உள்ள 'ஈகிள்' மதுக்கூடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் நேரே உள்ளே நுழைய வேண்டாம். முதலில் பக்கத்தில் உள்ள ஃப்ரீ ஸ்கூல் லேன் என்ற சந்துக்குப் போங்கள். பழைய கேவண்டிஷ் ஆய்வகம் அங்கேதான் இருந்தது. 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்த இடம் அது. நம் இயற்பியலாளர் ஜி. என். ராமச்சந்திரனும் 1940களின் இறுதியில் முனைவர் பட்ட ஆய்வை இங்கேதான் செய்தார். அங்கிருந்து மதுக்கூடத்துக்கு ஓரிரு நிமிட நடை. இதே ஆய்வகத்தில் வேலை செய்து, மரபுப் பொருளான டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பைக் கண்டறிந்த வாட்சனும் கிரிக்கும் மதியச் சாப்பாட்டுக்கு வேறு கடை தேடாததில் வியப்பில்லை.

1953 பிப்ரவரி 28 அன்று கிரிக் இங்கே வந்து, உயிரின் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அறிவித்ததாக வாட்சன் எழுதினார். அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை என்றார் கிரிக்! வெளிச்சுவரில் 2003இல் வைத்த நினைவுப் பலகையில் இந்த இருவர் பெயர்தான் இருந்தது. யாரோ அதன் கீழே '+ ஃபிராங்க்ளின்' என்று கிறுக்கிவைத்தார்கள். பொதுச் சொத்தில் கிறுக்குவது எனக்குப் பிடிக்காது; இதை மட்டும் மன்னித்துவிட்டேன். அந்தக் கண்டுபிடிப்புக்கு உதவிய, விஞ்ஞானி ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் ஆய்வுக்குழு எடுத்த டி.என்.ஏ. எக்ஸ்ரே படத்தை அவருக்குத் தெரியாமலே வாட்சனுக்குக் காட்டினார்களே.

மேசையில் உட்கார்ந்து சிப்பந்திக்காகக் காத்திருக்காதீர்கள். பானம் வேண்டுமென்றால் நீங்களேதான் கவுன்டருக்குப் போய்க் கேட்டு, பணம் கொடுத்து வாங்கிவர வேண்டும். நான் மது அருந்துவதில்லை. எலுமிச்சை சோடா கேட்டபோது யாரும் முகம் சுளிக்கவில்லை.

கோப்பையோடு பின்பக்கம் உள்ள ஆர்.ஏ.எஃப். (பிரிட்டிஷ் விமானப்படை) அறைக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் சுற்றுவட்டார விமானத்தளங்களிலிருந்து வந்த பிரிட்டிஷ், அமெரிக்க வீரர்கள் தங்கள் பெயர்களையும் படைப்பிரிவு எண்களையும் மெழுகுவர்த்திச் சுடராலும் லைட்டராலும் கூரையில் எழுதியிருக்கிறார்கள். லிப்ஸ்டிக்கில் வரைந்த பெண் உருவமும் உண்டு. முதல் பார்வையில் எல்லாம் கரிக்கறையாகத்தான் தெரியும். ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்ந்தால் எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பிடிபடும். சில கோணல்மாணலாக ஓடும். மேசை மேல் ஏறி, கழுத்தை ஒடித்து எழுதியவர்கள் அல்லவா! மறுநாள் குண்டுவீசக் கிளம்ப வேண்டியவர்கள், பலர் திரும்பவில்லை.

வார நாளில் கடை திறந்ததும் போய்விடுங்கள். மதிய உணவு நேரத்தில் படம் எடுப்பதானால், கீழே சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.