கால் கட்டைவிரல் மூட்டு இணைப்பு அறுவை: டர்பன் வீடுகளுக்கான முன்னேற்பாடும் தேறும் முறையும்

கால் கட்டைவிரல் பாதத்தோடு சேரும் இடத்திலுள்ள மூட்டு தேய்ந்துவிட்டால், அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் எலும்பும் எலும்பும் உரசும். மாத்திரை, ஊசி, வளையாத அடிப்பாகம் கொண்ட காலணி எதுவும் பலன் தராதபோது, அந்த மூட்டையே நிரந்தரமாக இணைத்துவிடலாம் என்று மருத்துவர் சொல்வார். மீந்திருக்கும் குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு எலும்பு முனைகளையும் நெருக்கி, தகடும் திருகாணிகளும் போட்டு இறுக்குவார்கள். அறுவை அரங்குக்குள் ஏறக்குறைய ஒரு மணி நேர வேலைதான்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். தகடும் திருகாணியும் எலும்பை ஒட்டுவதில்லை. எலும்பு தானாக ஒட்டும்வரை அசையாமல் பிடித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். ஒட்டக் குறைந்தது 6 வாரம் ஆகும், பலருக்கு 8 முதல் 12 வாரம்கூட ஆகும். அதற்குள் விரல் நுனியை ஊன்றி நடந்தால் முழுப் பாரமும் அந்தச் சின்ன உலோகத்தின் மேல் விழுகிறது. கீழே சொல்லும் எல்லா ஏற்பாடும் அந்தப் பாரத்தைத் தவிர்க்கத்தான். உங்கள் மருத்துவர் வேறு கணக்குச் சொன்னால் அதையே கேளுங்கள்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுப்பது

நம்மவர்கள் பலர் நாள் குறிக்கும்போது கோயில் காலண்டரைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். தைப்பூசக் காவடி ஜனவரி, பிப்ரவரியில் வருகிறது, வெறுங்காலில் நீண்ட நடை. பெரிய வெள்ளியன்று மாரியம்மன் வழிபாடும் தீமிதியும். நவம்பரில் அறுவை செய்துகொண்டு தைப்பூசத்துக்குக் காவடி தூக்க நினைக்க வேண்டாம். எலும்பு ஒட்டியிருந்தாலும் வீக்கம் வடிந்திருக்காது, கொதிக்கும் தார்ச்சாலையில் வீங்கிய கால் தாங்காது.

எங்கள் கணிப்பில் ஜூன், ஜூலை மாதங்களே தோது. டர்பனில் அப்போது புழுக்கம் குறைவு, கட்டுக்குள் வியர்க்காது, வீக்கமும் சற்றுக் குறைவாக இருக்கும். புரட்டாசி விரதத்தின்போது காலணிக்குத் திரும்பியிருப்பீர்கள், அடுத்த தைப்பூசத்துக்கு ஆறேழு மாத இடைவெளி கிடைக்கும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மட்டும், அறுவை நடந்தாலும் நடக்காவிட்டாலும், தீமிதியில் இறங்கவே வேண்டாம். நேர்ச்சையை வேறு வழியில் நிறைவேற்றலாம். உணர்ச்சியில்லாத காலில் ஏற்பட்ட தீப்புண் விரலையே பறிக்கக்கூடும்.

படி 2: பணமும் விடுப்பும்

மெடிக்கல் எய்ட் எனும் தனியார் மருத்துவச் செலவுத் திட்டம் இருந்தால் முன் அனுமதி எண் வாங்கினதோடு வேலை முடிந்துவிடாது. அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், மருத்துவமனை ஆகிய மூவரும் தனித்தனியாகப் பில் அனுப்புவார்கள். அவர்கள் கேட்கும் தொகை உங்கள் திட்டத்தின் விகிதத்தைவிடக் கூடுதலாக இருக்கலாம். மூன்றுக்கும் எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். தகடும் திருகாணியும் உடலுக்குள் பொருத்தும் கருவிகள் என்ற கணக்கில் சேரும், அதற்குப் பல திட்டங்களில் தனி வரம்பு உண்டு. பில்லுக்கும் திட்டம் கொடுப்பதற்கும் உள்ள இடைவெளியை ஈடுகட்டும் காப்பீடான கேப் கவரை இப்போது எடுத்தாலும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம்.

அரசு மருத்துவமனையில் இது அவசர அறுவையாகக் கணக்காகாது, காத்திருப்பு நீளும். அழைப்பு வரும்போது தயாராக இருக்க, அடுத்த இரண்டு படிகளையும் இப்போதே தொடங்குங்கள்.

தென்னாப்பிரிக்க வேலைச் சட்டப்படி 36 மாதச் சுற்றுக்கு ஆறு வார வேலை நாட்கள் அளவுக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. வாரம் 5 நாள் வேலை என்றால் 30 நாள். மேசை வேலைக்காரர்கள் 2 முதல் 4 வாரத்தில் திரும்பலாம், காலை உயர்த்தி வைக்க இடம் இருந்தால். கடையிலும் தொழிற்சாலையிலும் நிற்பவர்களுக்கு 10 முதல் 12 வாரம் வேண்டும், 30 நாள் போதாது. யு.ஐ.எஃப். எனும் வேலையின்மைக் காப்பீட்டு நிதியின் நோய்க்கால உதவிக்கான படிவங்களை அறுவைக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவர் நிரப்ப வேண்டிய பகுதி அதில் இருக்கும்.

படி 3: உடலைத் தயார்படுத்துவது

புகை பிடிப்பவர்கள் குறைந்தது 4 முதல் 6 வாரம் முன்பே நிறுத்த வேண்டும், எலும்பு ஒட்டும்வரை தொடவும் கூடாது. நிகோட்டின் நுண் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இரத்தம் போகாத இடத்தில் எலும்பு ஒட்டாது. வேப் எனும் மின்சிகரெட்டும் ஹூக்காவும் இதில் விதிவிலக்கல்ல.

சர்க்கரை உள்ளவர்கள் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைப் பாருங்கள். 7.5 அல்லது 8 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் பல மருத்துவர்கள் கத்தி எடுப்பார்கள். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளைப் பொதுவாக 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாமல் பட்டினி கிடந்தால், சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே இரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், குளோபிடோக்ரல் போன்றவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள், இரண்டு வாரம் முன்பே கேளுங்கள். மஞ்சள், பூண்டு கேப்சூல் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், அவை இரத்தம் உறைவதைப் பாதிக்கக்கூடும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நீங்கள் அதிகம் அணியும் காலணியை எடுத்துப் போங்கள். விரலைத் தரையிலிருந்து ஏறக்குறைய 10 முதல் 15 பாகை மேல்நோக்கி வைத்து இணைப்பது வழக்கம். கோணம் கூடினால் நகம் காலணியில் உரசும், குறைந்தால் விரல் நுனி தரையில் அழுந்தி வலிக்கும். இணைத்த பிறகு மாற்ற முடியாது. குதியுயர்ந்த செருப்பு அணியும் பெண்கள் இதை முன்பே பேசிவிட வேண்டும். பிறகு 2, 3 சென்டிமீட்டருக்கு மேல் குதி உள்ள செருப்பு பெரும்பாலும் ஒத்துவராது.

படி 4: வீடு

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலுள்ள பழைய வீடுகள் பலவற்றில் படுக்கையறை மாடியில் இருக்கும். முதல் இரண்டு வாரத்துக்குக் கட்டிலைக் கீழே இறக்கிவிடுங்கள். கழிப்பறையும் மாடியில்தான் என்றால், ஊன்றுகோலோடு படியேறும் முறையை அறுவைக்கு முன்பே பழகுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு ஊன்றுகோலும் அறுவை செய்த காலும். இறங்கும்போது ஊன்றுகோலும் அறுவை செய்த காலும் முதலில், பிறகு நல்ல கால். பயமாக இருந்தால் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகருங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

தரைவிரிப்புகளைச் சுருட்டி வையுங்கள். குளிக்க ஒரு வலுவான பிளாஸ்டிக் நாற்காலி, காலில் போட்ட கட்டு நனையாமல் மூட ஒரு பெரிய பிளாஸ்டிக் பை, ஒட்டுநாடா. இரண்டு கையும் ஊன்றுகோலில் இருக்கும் என்பதால், தேநீர் பிளாஸ்கையும் போனையும் தோள்பையில்தான் தூக்க முடியும். பருப்பு, ஷுகர் பீன்ஸ் கறி, கோழிக்கறி என்று ஒருவேளைக்கு ஒரு டப்பாவாக இரண்டு வாரத்துக்கு உறையவைத்து விடுங்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். விரதம் இருப்பவர்கள் பருப்பு, பீன்ஸ், தயிரைக் கூட்டிக்கொள்ளலாம்.

படி 5: அறுவை நாள்

மெட்டியை முந்தின நாளே கழற்றுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். காலில் மருதாணி வேண்டாம், விரலின் நிறத்தைப் பார்த்துத்தான் இரத்த ஓட்டத்தை நர்ஸ் கணிப்பார். நகச்சாயத்தையும் அழித்துவிடுங்கள். உணவு பொதுவாக 6 மணி நேரம் முன்பு வரை, வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை. பால் சேர்த்த தேநீர் உணவுக் கணக்குதான். இதில் தவறினால் அறுவையே தள்ளிப்போகும்.

கணுக்காலில் மரப்பு ஊசி போட்டிருந்தால் 12 முதல் 24 மணி நேரம் வலியே தெரியாது. பலர் ஏமாறும் இடம் இதுதான். வலி இல்லையே என்று மாத்திரையைத் தள்ளிப் போட்டால், மரப்பு விலகும் நடுராத்திரியில் வலி ஒரேயடியாகத் தாக்கும். மரப்பு இருக்கும்போதே முதல் வேளையைத் தொடங்குங்கள். பாரசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை பெரியவர்களுக்கு ஒரு நாளில் 8க்கு மேல் போகக் கூடாது. எடை குறைந்தவர்களுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அளவு இன்னும் குறையும். இங்கே மருந்துக்கடையில் கிடைக்கும் கலவை வலிமாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமால் இருக்கிறது, பெட்டியைப் படித்துப் பார்க்காமல் இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். கோடீன் உள்ள மாத்திரை மலச்சிக்கல் தரும், முதல் நாளிலிருந்தே தண்ணீரும் பப்பாளியும் சேருங்கள்.

படி 6: முதல் இரண்டு வாரம்

இதுதான் கடினமான பகுதி. கால் நெஞ்சுக்கு மேலே இருக்க வேண்டும், ஸ்டூலில் நீட்டி வைத்தால் போதாது. தலையணையைக் கெண்டைக்காலுக்குக் கீழே கொடுத்து, குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி வையுங்கள், இல்லாவிட்டால் குதிகாலில் அழுத்தப்புண் வரும். கழிப்பறைக்கும் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு 5 நிமிடத்துக்கு மேல் கால் தொங்கவே கூடாது. தொங்கினால் வீங்கும், வீங்கினால் தையல் இழுபடும், தையல் விலகினால் கிருமி உள்ளே போகும்.

விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை கணுக்காலை 10 தடவை மேலும் கீழும் அசையுங்கள், முழங்காலை மடக்கி நீட்டுங்கள். கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் இரத்தம் தேங்கி உறையாது. ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம், ஆனால் மரப்பு விலகும்வரை வேண்டாம், குளிர்ப்புண் வந்தாலும் தெரியாது.

கட்டை நீங்களாகப் பிரிக்காதீர்கள். பாட்டி சொல்லும் மஞ்சள் பற்றும், விபூதியும், தேங்காய் எண்ணெயும் அன்பினால் வருவதுதான். ஆனால் திறந்த தையலின் மேல் அவை எதுவும் படக் கூடாது. விபூதியை நெற்றியில் இட்டுக்கொள்ளுங்கள். 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பார்கள்.

படி 7: ஆறாவது வாரம் வரை

மருத்துவமனை தரும் தட்டையான அறுவைக் காலணி வளையாது. அதைப் போட்டுக்கொண்டு குதிகாலால் மட்டும் நடக்க வேண்டும். வீட்டுக்குள் நாலடிதானே என்று அதில்லாமல் போகக் கூடாது. அந்தக் காலணி இரண்டு சென்டிமீட்டர் போல உயரம் கூட்டுவதால், மறு காலில் வெறும் ஸ்லிப்பர் போட்டால் இடுப்பு சாய்ந்து முதுகு வலிக்கும். தடித்த அடிப்பாகம் உள்ள டாக்கி (ஸ்போர்ட்ஸ் ஷூ) ஒன்றைப் போடுங்கள்.

சுமார் மூன்றாம் வாரத்தில் வலி குறையும். ஆபத்தான காலம் அதுதான், ஏனென்றால் எலும்பு இன்னும் ஒட்டவில்லை. வலி இல்லையே என்று விரலை ஊன்றினால் இணைப்பு விலகிவிடலாம்.

படி 8: எக்ஸ்ரேக்குப் பிறகு

ஆறாம் வார எக்ஸ்ரேயில் எலும்பு இணையத் தொடங்கியிருந்தால், முன்பக்கம் அகலமான, அடிப்பாகம் விறைப்பான டாக்கிக்கு மாறலாம். வீக்கத்துக்காக ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். அடிப்பாகம் முன்னால் படகுபோல் வளைந்திருந்தால், மடங்காத விரலின் வேலையைக் காலணியே செய்துவிடும். மாலை வீக்கம் ஆறு மாதம் வரை சகஜம், முழுதாக அடங்க ஒரு வருடம் ஆகலாம்.

வலது காலில் அறுவை என்றால் 6 முதல் 8 வாரம் வரை கார் ஓட்ட வேண்டாம், மருத்துவர் சொல்லட்டும். அறுவைக் காலணியோடு ஓட்டவே கூடாது, பிரேக்கை வேகமாக மிதிக்க முடியாது.

மண்டியிட்டு நமஸ்கரிக்கும்போது விரல்களை மடக்கி ஊன்றாமல், புறங்காலைத் தரையில் படுக்க வைத்து மண்டியிடுங்கள். சம்மணம் போட்டு உட்காரத் தடையில்லை. கனமான கோலாட்டமும் ஓட்டமும் மூன்று மாதத்துக்குப் பிறகு, எலும்பு முழுக்க ஒட்டியது உறுதியான பின் தொடங்கலாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது

38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சீழ், துர்நாற்றம், விரல் வெளுத்தோ நீலமாகவோ மாறுவது, மாத்திரைக்கும் அடங்காமல் கூடிக்கொண்டே போகும் வலி: அன்றே மருத்துவமனை. காரணமில்லாமல் சர்க்கரை ஏறினாலும் உள்ளே கிருமி இருக்கலாம். ஒரு காலின் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் இரத்தக்கட்டி இருக்கலாம், அதற்கும் அன்றே. மூச்சு திணறினால், நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனிலிருந்து 112. கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம், விடியும்வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

ஆறாம் வாரத்துக்குப் பிறகும் ஊன்றினால் மூட்டின் அடியில் குத்தல் இருந்தாலோ, தகடு இருக்கும் இடம் காலணியில் பட்டு நோகிறதென்றாலோ அவசரமில்லை, ஆனால் அடுத்த சந்திப்பில் சொல்லுங்கள். முதலாவது எலும்பு ஒட்டத் தாமதமாகிறது என்பதன் அடையாளமாக இருக்கலாம், அறுவைக் காலணியில் இன்னும் சில வாரம் வைத்து மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள். இரண்டாவதற்கு, எலும்பு ஒட்டிய பிறகு தகட்டை எடுத்துவிட முடியும்.