வால்சக்கர விமானத்தில் முன் சக்கர இடைவெளி வைப்பது எப்படி

வீட்டில் கட்டும் வால்சக்கர விமானத்துக்கு (முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலடியில் ஒரு சின்னச் சக்கரம்) முன் சக்கரங்களின் இடைவெளியை ஈர்ப்பு மையத்தின் உயரம்தான் சொல்லும். வால் தரையில் இருக்கும் நிலையில், பின்னாலிருந்து பார்த்தால், ஈர்ப்பு மையத்திலிருந்து ஒவ்வொரு சக்கரமும் செங்குத்துக் கோட்டுக்கு 25 டிகிரிக்குக் குறையாமல் விலகியிருக்க வேண்டும். மையம் 110 செ.மீ. உயரம் என்றால் 110 × 0.466 (25 டிகிரியின் tan மதிப்பு), பக்கத்துக்கு 51 செ.மீ. டயர் நடுவிலிருந்து நடுவுக்குக் குறைந்தது 103 செ.மீ. கொஞ்சம் கூட்டி வைப்பது நல்லது. ரொம்பக் கூட்டினால் ஒரு பக்க பிரேக் மட்டும் பிடித்தாலே மூக்கு வெடுக்கென்று திரும்பும். சக்கரத்தைத் தாங்கும் கால் பொருத்திய இடத்தில் வளைவு விசையும் ஏறும்.

ஸ்பிரிங் கால் எடை ஏறினால் விரியும். வெறும் கூட்டில் அளந்த அளவு பொய். எஞ்சின், எரிபொருள், ஆள் எடைக்கு மணல் மூட்டை எல்லாம் ஏற்றுங்கள். ஒவ்வொரு டயருக்கும் அடியில் இரண்டு அலுமினியத் தகடு, நடுவில் தாராளமாக கிரீஸ். இல்லாவிட்டால் தரைப் பிடிப்பு காலை விரியவிடாது. இறக்கையை ஆட்டிவிட்டு அளவெடுங்கள்.

அதே நிலையில் சக்கரத் திசையையும் பாருங்கள். அச்சு உயரத்தில் டயர்களின் முன் இடைவெளி, பின் இடைவெளி இரண்டையும் அளக்கவும். முன்பக்கம் குறைந்தால் சக்கரம் உள்நோக்கியிருக்கிறது: விமானம் ஒருபக்கம் இழுபடும்போது எடை ஏறும் வெளிச்சக்கரம் அந்தத் திருப்பத்தையே வளர்க்கும், கிரவுண்ட் லூப்தான், அதாவது விமானம் தரையிலேயே கட்டுப்பாடின்றிச் சுழன்றுவிடும். நேராகவோ மயிரிழை வெளிநோக்கியோ இருக்கட்டும். திருத்த, அச்சுக்கும் காலுக்கும் இடையே சாய்வு ஷிம் (ஆப்பு வடிவ மெல்லிய தகடு). போல்ட்டை இறுக்கியதும் மறுபடி அளவு.