கட்டளை வரியில் கொடுத்த 0 காணாமல் போகாதிருக்க

கோப்புகளைப் பதிவிறக்கும் பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்றில் "--மறுமுயற்சி" என்ற ஆப்ஷன் இருப்பதாகக் கொள்வோம். பயனர் அதைக் குறிப்பிடாவிட்டால் 3 முறை மீண்டும் முயல வேண்டும்; 0 என்று குறிப்பிட்டால் முதல் தோல்வியிலேயே நின்றுவிட வேண்டும். புதிதாக எழுதுவோர் பெரும்பாலும் எழுதும் வரி இது (பைத்தானின் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்; "ஆர்க்ஸ்" என்பது பயனர் கொடுத்த ஆப்ஷன்களின் மதிப்புகளை வைத்திருப்பது):

எண்ணிக்கை = ஆர்க்ஸ்.மறுமுயற்சி ஆர் 3

5 கொடுத்தால் 5 கிடைக்கும். 0 கொடுத்தாலோ 3 கிடைக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது.

முதல் படி, காரணத்தைப் புரிந்துகொள்வது. இடப்பக்க மதிப்பு பொய்யாகக் கருதப்பட்டால் "ஆர்" வலப்பக்கத்தைத் தந்துவிடும். பைத்தானில் "நன்" (மதிப்பு எதுவும் இல்லை என்பதைக் குறிப்பது; குறிப்பிடாத ஆப்ஷனுக்கு இதுவே கிடைக்கும்), வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாத எழுத்துத் தொடர்), 0 ஆகிய மூன்றுமே பொய்தான். ஆனால் "0" என்ற சரம் உண்மை. ஆகவே கட்டளை வரியைப் படிக்கும் பைத்தான் தொகுதியான ஆர்க்பார்ஸில், மதிப்பை முழு எண்ணாக மாற்றும் "டைப்=இன்ட்" சேர்க்காதவரை இந்த வரி 0-ஐ ஒழுங்காகக் கடத்திவிடும்; எண்ணாக மாற்றச் சொன்ன பிறகே பிழை வெளிப்படும். ஆனால் பிழை அந்த எண் மாற்றத்தில் இல்லை, "ஆர்" வரியில் இருக்கிறது என்பதால், தேடுபவர் தவறான இடத்தில்தான் தேடுவார்.

அடுத்த படி, திருத்தம். இயல்பு மதிப்பு எப்போதும் 3 என்றால், ஆப்ஷனை அறிவிக்கும் இடத்திலேயே "டீஃபால்ட்=3" என்று எழுதிவிட்டு "ஆர்" பகுதியை நீக்குங்கள்; அதுவே போதும். ஆப்ஷன் வராதபோது அமைப்புக் கோப்பையும் பார்க்க வேண்டும் என்றால் மட்டும், டீஃபால்டை "நன்" ஆகவே விட்டுவிட்டு, வெளிப்படையாகச் சோதியுங்கள்:

இஃப் ஆர்க்ஸ்.மறுமுயற்சி இஸ் நன்:
    எண்ணிக்கை = கோப்பு_மதிப்பு
எல்ஸ்:
    எண்ணிக்கை = ஆர்க்ஸ்.மறுமுயற்சி

பெர்ல் என்ற நிரல்மொழியில் இதே சிக்கல், "ஆர்" போலவே இயங்கும் || குறியால் வரும். அங்கே "0" என்ற சரமும் பொய் என்பதால் எண்ணாக மாற்றாவிட்டாலும் தப்ப முடியாது. 2007-இல் வெளிவந்த 5.10 பதிப்பிலிருந்து // குறி இதற்கென்றே இருக்கிறது; இடப்பக்கத்துக்கு மதிப்பே வரையறுக்கப்படாதபோது மட்டும் அது வலப்பக்கத்தைத் தரும்.

பிறகு ஸ்கிரிப்டை ஆப்ஷன் இல்லாமலும், 0 கொடுத்தும், 5 கொடுத்தும் ஓட்டிப் பாருங்கள். உதவிக்குறிப்பில் 0-இன் பொருளையும் எழுதிவிடுங்கள், ஏனெனில் அது கருவிக்குக் கருவி மாறும்: ஒரு நிரலைக் குறித்த நேரத்துக்குப் பின் நிறுத்தும் குனு "டைம்அவுட்" கட்டளைக்கு 0 கொடுத்தால், உடனே நிறுத்து என்று பொருளல்ல, நேர வரம்பே இல்லை என்று பொருள்.