பொம்பேயியை ஒரு நாளில வடிவாப் பாக்கிறது எப்பிடி: இத்தாலிக்குப் போற திருகோணமலை ஆக்களுக்கு

எங்கட ஊர் ஆக்களில கனபேருக்கு இப்ப சுவிஸ், பிரான்ஸ், இத்தாலி எண்டு பிள்ளையளோ சகோதரங்களோ இருக்கினம். விசா கிடைச்சுப் போனா ரோமில கொலோசியத்துக்கு முன்னால நிண்டு போட்டோ எடுத்துப்போட்டுத் திரும்பி வந்திடுறம். தயவுசெய்து இன்னொரு நாளை ஒதுக்கி, எரிமலைச் சாம்பலில மூடிப்போன பழைய ரோமன் நகரமான பொம்பேயிக்கும் போங்கோ, அதுவும் ஒரு கைட்டோட போங்கோ. சொல்ல ஆளில்லாட்டி உடைஞ்ச சுவரைத்தான் பாத்திட்டு வருவீங்கள். கோட்டைக்குள்ளால நடந்து கோணேசர் கோயிலுக்குப் போற எத்தினை பேருக்கு அந்தக் கோட்டையில பழைய கோயில்ர கல்லும் இருக்கெண்டு தெரியும்? ஒராள் நிப்பாட்டிக் காட்டினாத்தானே கண்ணில படும்.

ரோமில இருந்து விடியவே வெளிக்கிடுங்கோ. ஃபாஸ்ட் ரெயினில நேப்பிள்ஸுக்கு ஒண்டேகால் மணித்தியாலம் அளவில போயிடலாம், அதே ஸ்ரேசனுக்குக் கீழ இறங்கினா சர்க்கும்வெசுவியானா எண்ட லோக்கல் ரெயின், அதில சொரெண்டோ பக்கம் போறதைப் பிடிச்சு 'பொம்பேயி ஸ்காவி வில்லா தெய் மிஸ்தேரி' எண்ட ஸ்ரேசனில இறங்கோணும், பொம்பேயி எண்டு பேர் வாற வேற ஸ்ரேசனுகளும் இருக்கு, அதில இறங்கினா நடை கூட. ரெயினுக்குள்ள சனம் நெரியும், பர்ஸ் கவனம்.

ரிக்கற்றை முன்னமே ஒன்லைனில எடுங்கோ. 2024 நவம்பரில இருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல விடுறேல்ல, ரிக்கற்றும் ஆளின்ர பேரிலதான், அதால பாஸ்போட் கையில இருக்கோணும். மாதத்தில முதல் ஞாயிறு சும்மா விடுவினம், ஆனா அண்டைக்கு வாற சனத்துக்குள்ள கைட் சொல்லுறது காதில விழாது, காசைக் குடுத்து வேற நாளில போறதுதான் நல்லது. பெரிய பேக் உள்ளுக்கு விடமாட்டினம். தொப்பி, தண்ணிப் போத்தல், நல்ல சப்பாத்து மூண்டும் வேணும், சாரியோட செருப்புப் போட்டுக்கொண்டு அந்தக் கல் ரோட்டில அம்மாமாரை நடக்க விடாதேங்கோ. நிழல் எண்டது பேருக்குத்தான் இருக்கு, தண்ணி மட்டும் அங்கங்க பைப்பில பிடிக்கலாம்.

கைட் எடுக்கிறதில ரெண்டு வழி இருக்கு. ரோமில இருந்தே பஸ்ஸில கூட்டிக்கொண்டு போய் பொம்பேயியை மூடின வெசுவியஸ் எரிமலையையும் சேத்துக் காட்டுற டூர் ஒண்டு, அதில பாதி நாள் ரோட்டிலயே போயிடும். நான் சொல்லுறது மற்றது, நீங்களே ரெயினில போய் அங்க லைசன்ஸ் உள்ள கைட்டோட சின்னக் குரூப்பில ரெண்டு மணித்தியாலம் நடக்கிறது, அதுக்குப் பிறகு நீங்களே ஆறுதலாச் சுத்தலாம். கைட்டிட்ட லைசன்ஸ் அட்டை இருக்கோ, குரூப்பில எத்தினை பேர், என்ன பாஷை எண்டதைக் காசு குடுக்க முதலே கேளுங்கோ. இங்கிலிஷ் விளங்காத அப்பா அம்மாவோட போனா பிள்ளையள் நிண்டு நிண்டு தமிழில சொல்லோணும், அதுக்கும் நேரம் விடச் சொல்லிக் கைட்டிட்டச் சொல்லிவையுங்கோ.

உள்ளுக்க போனா ரோட்டைப் பாருங்கோ முதல். தண்ணியும் ஊத்தையும் ஓடுற தெருவில கால் நனையாமக் கடக்கிறதுக்கு உயரமாக் கல்லு வைச்சு, வண்டிச் சில்லுப் போக இடைவெளியும் விட்டிருக்கிறாங்கள், சில்லு ஓடின தடம் இண்டைக்கும் கல்லில ஆழமா இருக்கு. சாப்பாட்டுக்கடை மேசையில பானை பதிச்ச ஓட்டைகள், மா அரைச்ச ஆட்டுக்கல், பேக்கரி ஒண்டின்ர போறணைக்குள்ள கருகின பாண் 81 கிடைச்சது, இதெல்லாம் அவங்கட ஒரு சாதாரண நாள் அப்பிடியே நிண்டுபோனது.

கி.பி. 79இல வெசுவியஸ் வெடிச்சுச் சாம்பல் மூடினதில செத்த ஆக்களின்ர உடம்பு உக்கிப்போய் வெறும் இடைவெளி மட்டும் மிஞ்சிச்சு, 1863இல அங்க தோண்டுற வேலையை நடத்தின ஃபியோரெல்லி எண்டவர் அதுக்குள்ள பிளாஸ்டர் ஊத்தி அந்த உருவத்தை எடுத்தார். முகத்தை மூடிக்கொண்டு கிடக்கிறவை, ஒண்டாக் கிடக்கிறவை. 2004 சுனாமியைக் கண்ட எங்கட ஆக்களுக்கு இது லேசான காட்சி இல்லை, கூட வாறவைக்கு முன்னமே சொல்லிவையுங்கோ, அந்த இடத்தில போட்டோவுக்கு நிண்டு சிரிக்க வேண்டாம்.

கைட்டிட்டக் கட்டாயம் பிளினியைப் பற்றிக் கேளுங்கோ. அந்த வெடிப்பில செத்த ரோமன் எழுத்தாளர் மூத்த பிளினிதான், தப்ரபேன் எண்டு அவங்கள் சொன்ன எங்கட இலங்கையில இருந்து கிளாடியஸ் பேரரசரிட்ட நாலு தூதர் வந்த கதையைத் தன்ர புத்தகத்தில எழுதிவைச்சவர். இன்னொண்டு, இந்தியாவில செய்த யானைத்தந்தப் பெண் சிலை ஒண்டு 1938இல பொம்பேயி வீடொண்டில எடுத்தது. எங்கட பக்கத்துச் சாமான் ஒண்டு அந்த ஊர் வீடு மட்டும் போய்ச் சேந்திருக்கு, எனக்கு இத நினைச்சா இப்பவும் சிலிர்க்கும். ஆனா சிலை பொம்பேயியில இல்லை, நேப்பிள்ஸ் மியூசியத்திலதான் இருக்கு, பொம்பேயியில எடுத்த, அலெக்சாண்டர் சண்டை பிடிக்கிற பெரிய மொசைக்கின்ர (சின்னச் சின்னக் கல்லுப் பதிச்ச படம்) ஒரிஜினலும் அந்த மியூசியத்துக்குரியதுதான். பின்னேரம் திரும்பேக்க நேரம் இருந்தா அங்கயும் ஏறி இறங்குங்கோ, செவ்வாய்க்கிழமை மியூசியம் பூட்டு, அதைப் பாத்து நாளைக் குறியுங்கோ.