சின்ன கேபினட்டில் பிசி அசெம்பிள் செய்பவர்கள் சறுக்கும் இடங்கள்

ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை, டர்பனில் குடும்பம் என்று இரண்டு ஊருக்கும் அல்லாடுகிற நம்மவர்கள் நிறையப் பேர். அவர்களில் யாராவது கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணித் தரச் சொல்லிக் கேட்டால், "சின்னதா போட்டுருங்கண்ணே, கார்ல வச்சு எடுத்துட்டுப் போகணும்" என்பதுதான் முதல் நிபந்தனை. நியாயமான ஆசைதான். ஆனால் பெரிய டவர் கேபினட்டில் செய்யும் தப்பு வெளியே தெரியாமலே போய்விடும். சின்னதில் தகடு மூடாது.

எனக்கு மூடவில்லை. ஃப்ராக்டல் டெர்ரா கேபினட், 10.4 லிட்டர். ப்ராசசர் கூலரின் உயரம் 77 மி.மீ. வரை, கிராபிக்ஸ் கார்டு தடிமன் 72 மி.மீ. வரை என்று விவரப் பட்டியலில் போட்டிருந்தது. 70 மி.மீ. கூலர் ஒன்று எடுத்தேன், 60 மி.மீ. தடிமனில் ஒரு கார்டு எடுத்தேன். இரண்டுமே வரம்புக்குள். ராத்திரி பதினொரு மணிக்கு எல்லாவற்றையும் மாட்டி முடித்துத் தகட்டை மூடப் போனால், கூலர் விசிறி முட்டுகிறது. அப்புறம்தான் உறைத்தது: அந்தக் கேபினட்டின் நடுச் சட்டத்தை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்தி வைக்கலாம். கூலருக்கு 77 கொடுத்தால் கார்டுக்கு 43தான் மிஞ்சும். கார்டுக்கு 72 கொடுத்தால் கூலருக்கு 48. எப்படி நகர்த்தினாலும் கூட்டுத்தொகை 120. நானோ 130 மி.மீ. சாமானை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூலர் வெளிநாட்டிலிருந்து வந்தது. அதற்குக் கட்டிய 15 விழுக்காடு வாட் வரியும் கூரியர் காசும் என் பள்ளிக்கட்டணம்.

ஆகவே 'வரை' என்று போட்டிருக்கும் எண்களைத் தனித்தனியாகப் படிக்காதீர்கள். ஒன்று உச்சத்தில் இருக்கும்போது மற்றது எவ்வளவு என்று பாருங்கள். பாகங்களையெல்லாம் வாங்கிவிட்டுக் கடைசியில் "இதெல்லாம் அடங்குகிற மாதிரி ஒரு பெட்டி" தேடுவது பெரிய டவருக்குச் சரிவரும். இங்கே கேபினட்டை முதலில் முடிவு செய்ய வேண்டும். மற்றதெல்லாம் அது சொல்கிறபடி. முதல் தடவை செய்கிறவர்களுக்கு என் யோசனை, பத்து லிட்டரில் கை வைக்காதீர்கள். கூலர் மாஸ்டர் என்ஆர்200 போல 18 லிட்டர் அளவில் எடுத்தால், அதுவும் சின்னதுதான், ஆனால் உள்ளே கை நுழையும்.

கார்டு விஷயத்தில் நீளத்தைப் பார்ப்பார்கள், தடிமனைப் பார்ப்பார்கள், மூன்றாவது அளவை விட்டுவிடுவார்கள். கார்டைச் செருகும் மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்து கார்டின் மேல் விளிம்பு வரை உள்ள உயரம் அது. கரண்ட் கேபிள் செருகுவது பெரும்பாலும் அந்த விளிம்பில்தான். கார்டு அடங்கிவிடும், கேபிளுக்கு இடமிருக்காது. தகடு அழுத்தி அழுத்திக் கேபிளை மடக்கும். புதிய கார்டுகளில் வரும் 16 பின் கனெக்டரில் இது விளையாட்டுக் காரியமில்லை. 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளின் கனெக்டர்கள் உருகிய படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பிளக் முழுக்க உள்ளே போகாமல் இருந்ததே முக்கியக் காரணம் என்று பின்னால் சொன்னார்கள். மடங்கிய கேபிள் பிளக்கை மெல்ல மெல்ல வெளியே நெம்பும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கனெக்டரிலிருந்து 35 மி.மீ. வரைக்கும் கேபிள் நேராகப் போக வேண்டும். அந்த 35-ஐக் கார்டின் உயரத்தோடு கூட்டிக்கொண்டுதான் கேபினட்டின் அகலத்தைப் பார்க்க வேண்டும்.

பவர் சப்ளையிலும் இதே கதை. சின்ன கேபினட்டுக்கென்று வரும் எஸ்எஃப்எக்ஸ் வகை என்றால் ஆழம் 100 மி.மீ.; எஸ்எஃப்எக்ஸ்-எல் என்றால் 130. விசிறி பெரிதாக, சத்தம் குறைவாக இருக்குமே என்று எல் வகையை வாங்கினால், அந்த 30 மி.மீ. பெரும்பாலும் கேபிள்கள் வளைந்து போக வேண்டிய இடத்தைத் தின்றுவிடும். கேபிள் நீளமாக இருக்கிறதே என்று வீட்டில் கிடக்கும் பழைய பவர் சப்ளையின் கேபிளை எடுத்து மாட்டுவது இன்னொரு வழக்கம். தயவு செய்து வேண்டாம். பவர் சப்ளை பக்கத்து முனையில் எந்தப் பின்னில் என்ன வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறும். பிளக் அழகாக உள்ளே போகும். 5 வோல்ட் போக வேண்டிய வழியில் 12 வோல்ட் போய் ஹார்ட் டிஸ்க் அன்றோடு சரி.

சூடு பற்றிச் சொல்லும்போது நம் ஊர் தனியாக வருகிறது. ஜோஹன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்குள்ள காற்று கடற்கரைக் காற்றைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு லேசானது. விசிறி அதே வேகத்தில்தான் சுற்றும், அதே அளவு காற்றைத்தான் தள்ளும். ஆனால் அந்தக் காற்று சுமந்து போகிற சூடு குறைவு. யூடியூபில் யாரோ சமவெளியில் உட்கார்ந்து "இந்தக் கூலரில் 80 டிகிரி" என்று சொன்னால், ஜோஹன்னஸ்பர்க் லெனேஷியாவில் அதற்கு மேல் ஐந்தாறு டிகிரி கூடும் என்று வைத்துக்கொண்டு பாகம் எடுப்பது நல்லது. பெரிய டவரில் இது ஒரு பொருட்டே இல்லை. 47 மி.மீ. கூலர் போட்ட பெட்டியில் விளிம்பில் நிற்கிறவனைத் தள்ளிவிடுவது போல. டர்பனில் காற்று கனம்தான், அங்கே பிரச்சினை வேறு: ஜனவரிப் புழுக்கமும், கடலோர வீடுகளில் உப்புக் காற்றும். தூசி வடிகட்டி இல்லாத கேபினட்டை அங்கே வைத்தால் ஆறு மாதத்தில் ஹீட்சிங்க் தகடுகளுக்கு இடையே பிசுக்குப் பிடித்துக் கிடக்கும்.

எனவே பெரிய கூலரைத் திணிக்கப் பார்ப்பதைவிடச் சூட்டைப் பிறக்கும் இடத்திலேயே குறைப்பதுதான் என் கட்சி. ரைசன் 9 7900எக்ஸ் ப்ராசசர் 230 வாட் வரை இழுக்கும். பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது நுழைகிற அமைப்புத் திரை) 65 வாட் ஈகோ மோடு போட்டால், 65 என்பது பெயரளவுதான், 88 வாட்டோடு நின்றுகொள்ளும். நீளமான வீடியோ ரெண்டரிங்கில் வித்தியாசம் தெரியும். கேம் ஆடுவதில் பெரும்பாலும் தெரியாது. கிராபிக்ஸ் கார்டின் வோல்டேஜையும் கொஞ்சம் இறக்கலாம். "காசு கொடுத்து வாங்கிட்டு ஏண்ணே குறைக்கணும்?" என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அரை மணி நேரம் கேம் ஆடவிட்டு விசிறிச் சத்தத்தைக் கேட்கச் சொல்வேன்.

மாட்டும் வரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு 17 செ.மீ.க்கு 17 செ.மீ.; எல்லாம் நெருக்கி அடித்திருக்கும். பல போர்டுகளில் இரண்டாவது எம்.2 எஸ்எஸ்டிக்கான இடம் போர்டின் முதுகில் இருக்கும். அதை மறந்துவிட்டுப் போர்டை உள்ளே திருகினால் முழுவதையும் பிரிக்க வேண்டியதுதான். ப்ராசசருக்கான 8 பின் கேபிளையும் போர்டை உட்கார வைக்கும்போதே செருகிவிடுங்கள். கூலர் மேலே வந்தபிறகு அந்த மூலைக்கு விரல் போகாது. எல்லாவற்றுக்கும் முன்பு, மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே போர்டை வைத்து, ப்ராசசர், ரேம், கூலர் மட்டும் மாட்டி (ப்ராசசருக்குள் கிராபிக்ஸ் இல்லையென்றால் கார்டையும்), பவர் சப்ளையை இணைத்து ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். படம் வந்தால் அப்புறம் உள்ளே போகட்டும். ஜூன், ஜூலையில் ஜோஹன்னஸ்பர்க் காற்று வறண்டு கிடக்கும், கதவுப்பிடியைத் தொட்டாலே சுரீர் என்று அடிக்கும். கம்பளி ஸ்வெட்டரோடு கார்ப்பெட்டில் உட்கார்ந்து ரேமைத் தொடாதீர்கள்.

கார்டைத் தனி அறையில் வைக்கும் கேபினட்களில், கார்டை போர்டின் ஸ்லாட்டோடு இணைக்கும் ரைசர் கேபிள் வரும். பழைய மூன்றாம் தலைமுறை பிசிஐஇ (கார்டு இணைப்பு முறை) கேபிளில் நான்காம் தலைமுறைக் கார்டைப் போட்டால் திரை கருப்பாகவே இருக்கும், அல்லது படம் வந்து வந்து போகும். கார்டு போச்சு என்று பதறுவார்கள். போர்டின் பின்னால் உள்ள ஹெச்டிஎம்ஐயில் மானிட்டரைச் செருகி, பயாஸில் அந்த ஸ்லாட்டை மூன்றாம் தலைமுறைக்கு இறக்கினால் தீர்ந்தது. இதற்கு ப்ராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்க வேண்டும். ரைசன் 5 5600எக்ஸ் மாதிரி அது இல்லாத ப்ராசசர் என்றால் கார்டைக் கழற்றி நேராக ஸ்லாட்டில் நட்டு வைத்து பயாஸுக்குள் போக வேண்டியிருக்கும்.

2022, 2023-இல் லோட் ஷெடிங் (முறை வைத்து மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது வாங்கிய மலிவு யூபிஎஸ்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. பேட்டரியில் ஓடும்போது அவை தருவது வழவழப்பாக ஏறி இறங்கும் சைன் அலை அல்ல, படிப்படியாக வெட்டிய அலை. இன்றைய பவர் சப்ளைகள் சிலவற்றுக்கு அது ஒத்துக்கொள்ளாது; கரண்ட் போனதும் யூபிஎஸ் ஓடிக்கொண்டிருக்கும், கம்ப்யூட்டர் மட்டும் அணைந்துவிடும். சுத்தமான சைன் அலை தரும் யூபிஎஸ் வாங்குங்கள்.

காரில் எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என்3 சாலையில் வான் ரீனன் கணவாய் இறங்கி டர்பன் சேர்வதற்குள் கிராபிக்ஸ் கார்டு எத்தனை குலுக்கல் வாங்கியிருக்கும் என்று அதற்குத்தான் தெரியும். கனமான கார்டு என்றால் கழற்றித் தனியாக அதன் பெட்டியிலேயே வைத்துவிடுவேன். கழற்றச் சோம்பலாக இருந்தால், டர்பன் சாட்ஸ்வொர்த் வீட்டில் டீ குடித்துவிட்டு, சுவிட்சைப் போடுவதற்கு முன் தகட்டைத் திறந்து கார்டையும் கரண்ட் பிளக்கையும் விரலால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். போன மாதம் எனக்கு 'டக்' என்று சத்தம் கேட்டது.