ஒருவர் வாழ்ந்த ஆண்டுகளைத் துணியில் தைப்பது எப்படி?

அப்பாவின் வெள்ளைப் பருத்திச் சட்டை ஒன்று அலமாரியிலேயே கிடந்தது. காலர் நைந்து, மடிப்பில் நூல் பிரிந்திருந்தது. அதன் முதுகுப் பகுதியில் அவர் வாழ்ந்த காலத்தை ஆண்டுக்கு ஒரு கோடாகத் தைத்தேன். 1948 முதல் 2019 வரை 72 கோடுகள். அந்த ஆண்டு பூமி எவ்வளவு சூடாக இருந்தது என்பதைக் கோட்டின் நிறம் காட்டும். இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகக் காலநிலை அறிவியலாளர் எட் ஹாக்கின்ஸ் 2018இல் உருவாக்கிய வெப்பக் கோடுகள்தான் இதற்கு வழிகாட்டி. ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தால் போதும், நீங்களும் தைக்கலாம்.

முதலில் கணக்கு. நாசாவின் உலக வெப்பநிலைப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1951–1980 காலத்தின் சராசரியைவிட ஒவ்வோர் ஆண்டும் எத்தனை டிகிரி கூடியது, குறைந்தது என்று அதில் இருக்கும். குறைந்த ஆண்டுகளுக்கு நீலத்தில் இரண்டு நிறங்கள் போதும். கூடிய ஆண்டுகளுக்கு 0.2 டிகிரிக்கு ஒன்றாகச் சிவப்பில் ஆறு, வெளிர் நிறத்திலிருந்து அடர்நிறம் வரை எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலை எழுதும்போதே மனம் கனத்துவிடும். 1976க்குப் பிறகு ஓர் ஆண்டுகூட அந்தச் சராசரிக்குக் கீழே இறங்கவில்லை. அப்பாவின் கடைசி நீலக் கோடு அவருடைய 28ஆம் வயதில் முடிந்தது. 1977லோ அதற்குப் பிறகோ பிறந்தவருக்குத் தைப்பதானால் நீல நூலே வாங்க வேண்டாம்.

அடுத்து துணி. பழைய துணி ஊசியின் இழுப்பைத் தாங்காது. பின்புறம் புதிய மெல்லிய பருத்தித் துணியை வைத்துப் பெரிய ஓட்டுத் தையலால் இணையுங்கள். அழியும் துணிப் பேனாவால் 10 செ.மீ. நீளக் கோடுகளை 3 மி.மீ. இடைவெளியில் வரையுங்கள். தைத்து முடித்து, குளிர்ந்த நீரில் கோடுகளை அலசிப் போக்கும்வரை இஸ்திரி போடாதீர்கள். சூடு பட்டால் மை துணியிலேயே தங்கிவிடக்கூடும். சிவப்பு நூல்களை முன்கூட்டியே நனைத்து, வெள்ளைத் துணியில் ஒற்றிச் சாயம் போகிறதா என்று பாருங்கள்.

இனி தையல். ஆறு இழை நூலிலிருந்து இரண்டு இழைகளைப் பிரித்து, 45 செ.மீ. அளவில் வெட்டுங்கள். துணியை எம்பிராய்டரி வளையத்தில் பூட்டி, பின்தையல் போடுங்கள்: ஒரு தையல் நீளம் முன்னே தள்ளி ஊசியை மேலே எடுத்து, பின்னால் சென்று முந்தைய தையல் முடிந்த துளையிலேயே இறக்க வேண்டும். நூலை இறுக்கினால் துணி சுருங்கும். அவசரமே வேண்டாம், நான் ஒரு நாளைக்கு மூன்று கோடுகளுக்கு மேல் தைக்கவில்லை. 1992இல் சிவப்பு சற்று வெளிறும். முந்தைய ஆண்டு ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்தபோது வளிமண்டலத்தின் மேலடுக்கில் பரவிய துகள்கள் சூரிய ஒளியைத் தடுத்ததன் தடம் அது.

மறைந்த ஆண்டின் கோட்டை முழுதாகத் தைக்காதீர்கள். அப்பா ஆகஸ்ட் இறுதியில் போனார். அந்தக் கோடு ஆறரை செ.மீட்டரில் நிற்கிறது. மீதி மூன்றரை செ.மீட்டரையும் அவர் காணாத ஆண்டுகளையும் ஒற்றை இழையில் தைத்தேன். தள்ளி நின்று பார்த்தால் அவை தெரிவதில்லை. அருகில் போனால் மயிரிழைபோலத் தெரியும்.

2024க்கு வந்தபோது வைத்திருந்த ஆறு சிவப்பும் போதவில்லை. 1.2 டிகிரியைத் தாண்டிய அந்த ஆண்டுக்காக ஏழாவது நூல்கண்டு வாங்கினேன்.